மகனின் திக்குவாயை ஆடியோவாக வெட்டிப் பரப்புகிறார்கள். என்ன செய்வது?

மாடிப்படி:
மகனுக்கு 13 வயது. சின்ன வயதிலிருந்தே பேசும்போது திக்கும். மூன்று வாரம் முன்பு வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் வீட்டுப்பாடம் பற்றி ஒரு வாய்ஸ் நோட் போட்டிருக்கிறான். ‘கணக்கு’ என்ற சொல்லில் ‘க’ மாட்டிக்கொண்டது. அந்த நாலு நொடியை மட்டும் வெட்டி, தாளம் சேர்த்து, அவன் முகத்தை ஸ்டிக்கராக்கி, அவனை விட்டுவிட்டு 31 பேர் வேறொரு குரூப் தொடங்கியிருக்கிறார்கள். வகுப்புப் பையன் ஒருவன் அதன் ஸ்கிரீன்ஷாட்டை ஒரு வார்த்தையும் எழுதாமல் இவனுக்கே அனுப்பியிருக்கிறான். கேலிதான் என்று இவன் அவனை பிளாக் செய்துவிட்டான்.

எனக்குத் தெரிந்தது நேற்றுத்தான். பக்கத்து அறையிலிருந்து ‘தண்ணி வேணும்’ என்று மெசேஜ் அனுப்பினான். பேசுவதையே விட்டுவிட்டான் என்பது அப்போதுதான் உறைத்தது. ஏன்டா சொல்லவில்லை என்றேன். தாளில் எழுதிக் காட்டினான்: ‘போனைப் பிடுங்கிடுவீங்க.’ என் கை அந்த நேரம் அவன் போன் மேல்தான் இருந்தது.

அந்த ஆடியோவை வெட்டியவனின் அப்பாவைக் கூப்பிட்டுச் சண்டை போட வேண்டும் என்கிறார் கணவர். நான் எல்லா குரூப்பிலிருந்தும் மகனை வெளியே எடுத்துவிடலாமா என்று பார்க்கிறேன். சொல்லுங்கள்.

கரும்பலகை:
பள்ளியில் மாணவர் ஆலோசகராக இருக்கிறேன் அம்மா. போனை அவனிடமே விடுங்கள். என்னிடம் வரும் பிள்ளைகளில் பாதிப் பேர் மாதக்கணக்கில் மூடி வைத்ததற்குச் சொல்லும் காரணம் உங்கள் மகன் எழுதிய அதே வரிதான்.

எதையும் அழிப்பதற்கு முன் சேமியுங்கள். அனுப்பியவர் பெயர், தேதி, நேரம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட். மறையும் மெசேஜ் என்று வைத்திருந்தால் 24 மணி நேரத்தில்கூடக் காணாமல் போகும். ரிப்போர்ட் செய்தால் கடைசி ஐந்து மெசேஜ்தான் வாட்ஸ்அப்புக்குப் போகும், அதனால் அதை மட்டும் நம்பவேண்டாம். ‘பிரைவசி’யில் யார் இவனை குரூப்பில் சேர்க்கலாம் என்பதையும் மாற்றி வையுங்கள்.

அந்த அப்பாவைக் கூப்பிடாதீர்கள். எந்தப் பெற்றோரும் முதல் நிமிடத்தில் தன் பிள்ளைக்காகத்தான் பேசுவார், மறுநாள் அதன் விலையை உங்கள் மகன் கொடுப்பான். எழுத்தில் பள்ளிக்குக் கொடுங்கள். ஸ்கிரீன்ஷாட் அனுப்பிய பையனின் பெயரை அதில் கட்டாயம் மறைத்துவிடுங்கள்.

‘ஒரு தடவைதானே செய்தான்’ என்று பதில் வரலாம். வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, பலம் சமமில்லாமல் இருப்பது என்ற மூன்றையும் வைத்துத்தான் உளவியலாளர் டான் ஓல்வேயஸ் இந்தக் கொடுமையை வரையறுத்தார். வெட்டியவன் ஒரு தடவைதான் வெட்டினான். மீதி 30 பேரின் ஃபார்வர்டு ஒவ்வொன்றும் அதைத் திரும்பச் செய்வதுதான்.

இங்கே படிக்கும் மற்றவர்களுக்கும் ஒன்று: 18 வயதுக்குக் கீழுள்ள பிள்ளையின் அந்தரங்கப் படம் என்றால் ஆதாரத்துக்கென்றுகூட நீங்கள் எங்கும் அனுப்பாதீர்கள். அதை இணையத்திலிருந்து எடுக்க உதவும் ‘டேக் இட் டவுன்’ என்ற இலவச சேவை இருக்கிறது. படம் போனை விட்டு வெளியே போகாது, படத்தை வைத்து உருவாக்கும் ஒரு எண் அடையாளம் மட்டுமே போகும்.

பழைய பெஞ்ச்:
எனக்கு 22 வயது. நான் இப்படி ஒரு குரூப்பில் இருந்தவன். சிரிப்பு எமோஜி போட்டேன். சிரிப்பு வரவில்லை, போடாவிட்டால் அடுத்தது நான்தான் என்ற பயம். வருஷம் கழித்து மன்னிப்புக் கேட்டபோது அவன் சொன்னது: ‘அத்தனை பேர் இருந்தீங்க, தனியா ஒரு மெசேஜ் யாருமே போடலையே.’ இன்னும் அது என்னை விடவில்லை.

அக்கா, அந்த ஸ்கிரீன்ஷாட் அனுப்பினவன் கேலி செய்தான் என்று எனக்குத் தோன்றவில்லை. கேலி செய்பவன் சும்மா அனுப்ப மாட்டான், கூட ஏதாவது எழுதுவான். மகனை ஒரு தடவை கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

இடைவெளி:
எனக்கும் திக்கும். நூறு பேரில் ஒருவருக்கு இருக்கிறது. இந்த வாரமே அவனைப் பேச்சுப் பயிற்சிக்கு அழைத்துப் போய்விடாதீர்கள், தப்பு தன் நாக்கில்தான் என்று எடுத்துக்கொள்வான். அவன் சொல்லை நீங்கள் முடித்துக் கொடுக்காதீர்கள். காத்திருங்கள்.

மாடிப்படி:
ஆறு நாள் ஆகிறது. பள்ளிக்கு எழுதிக் கொடுத்தோம். அந்த குரூப் போய்விட்டது. வேறு பெயரில் வராது என்று சொல்ல முடியாது, ஆனால் இனி வந்தால் எனக்குத் தெரிந்துவிடும்.

பழைய பெஞ்ச் தம்பி, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். மகன் அந்தப் பையனை அன்பிளாக் செய்து ‘ஏன் அனுப்பினே?’ என்று கேட்டான். ‘உனக்குத் தெரியணும்னு தோணுச்சு. என்ன எழுதறதுன்னு தெரியல’ என்று பதில் வந்தது. இரண்டு நாள் எழுத்திலேயே பேசிக்கொண்டார்கள்.

நேற்று ராத்திரி கதவு சாத்தியிருந்தது, உள்ளே அவன் குரல். வாய்ஸ் நோட். ‘க’ மறுபடியும் மாட்டியது. முதல் தடவை அழித்துவிட்டான். இரண்டாவது தடவையும் மாட்டியது, அதை அழிக்காமல் அப்படியே அனுப்பினான்.