சான்றுவழித் தாதிமை: ஒரு முன்மொழிவு

அன்பர்களுக்கு வணக்கம்.

ஆய்வு முடிவுகளைத் துணைக்கொண்டு நோயாளியைப் பராமரிக்கும் முறைக்கு (ஆங்கிலத்தில் evidence-based nursing), நம் கலைச்சொற் பட்டியலுக்காக 'ஆதார அடிப்படையிலான செவிலியம்', 'அளவைத் தாதிமை', 'சான்றுசார் தாதிமை' என மூன்று சொற்கள் இதுவரை முன்வைக்கப்பட்டுள்ளன. தமிழகத்தில் செவிலியர் என்பது வழக்காயினும் சிங்கப்பூரில் தாதியர், தாதிமை என்பவையே வேரூன்றிவிட்டதால், பிற்பகுதியைப் பற்றி நாம் நீண்ட வாதம் செய்யத் தேவையில்லை.

முற்பகுதிக்கு வருவோம். 1996இல் மருத்துவர் டேவிட் சாக்கெட்டும் அவருடைய உடனாய்வாளர்களும் மருத்துவத்தில் இம்முறையை விளக்கியபோது, ஆய்வு தரும் சிறந்த சான்றை மருத்துவரின் பட்டறிவோடு இணைக்கவேண்டும் என்றும் நோயாளியின் விருப்பத்தையும் கருதவேண்டும் என்றும் தெளிவுபடுத்தினர். தாதிமையிலும் அப்படித்தான். சிரையில் செருகும் நெகிழிக் குழாயை மூன்று நான்கு நாள்களுக்கு ஒருமுறை கட்டாயமாக மாற்றுவது பல நாடுகளில் நெடுநாள் வழக்கமாக இருந்தது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 3,283 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2012இல் வெளிவந்த ஆய்வோ, நாள் கணக்கில் மாற்றியவர்களுக்கும் தேவைப்பட்டபோது மட்டும் மாற்றியவர்களுக்கும் சிரையழற்சி (குழாய் செருகிய சிரை சிவந்து வீங்குதல்) ஒரே அளவில், அதாவது 7 விழுக்காடாக, இருந்ததைக் காட்டியது. இதனால் தாதியின் பொறுப்பு கூடியதே தவிரக் குறையவில்லை: நாள்காட்டியைப் பார்த்த கண், இனிச் செருகிய இடம் சிவந்திருக்கிறதா, வீங்கியிருக்கிறதா என்று பார்க்கவேண்டும், குழாய் உறுத்துகிறது என்று படுக்கையிலிருக்கும் பாட்டி சொன்னால் அதையும் எடைபோடவேண்டும்.

ஆகவே 'அடிப்படை' எனக்கு ஒப்புதலாக இல்லை. எல்லாம் ஆய்வின்மேல் மட்டுமே நிற்பதுபோல் அது தோற்றம் தருகிறது. மேலும் ஆதாரம் என்றாலே அடிப்படை என்றும் பொருளிருப்பதால் 'ஆதார அடிப்படை' கூறியது கூறலாகவும் ஆகிறது.

'அளவை' அழகான சொல்; முன்மொழிந்தவரின் புலமைக்குத் தலைவணங்குகிறேன். ஆனால் காண்டல், கருதல், உரை எனச் சைவ சித்தாந்தம் வகுக்கும் அளவைகளுள், அதாவது உண்மையை அறியும் வழிகளுள், உரை என்பது நம்பத்தக்கோர் வாக்கை ஏற்பது. 'மூத்த தாதி சொன்னார், செய்கிறோம்' என்னும் பழக்கத்தைக் கேள்வி கேட்க எழுந்த ஒரு முறைக்கு அந்தப் பெயர் முரணாகும். இன்றைய வாசகருக்கோ நில அளவைதான் முதலில் நினைவுக்கு வரும்.

எஞ்சுவது 'சான்றுசார்'. இது தவறில்லை, ஆயினும் சான்றிதழ் பெற்ற தாதி என்று ஒருவர் மயங்கக்கூடும். 'சான்றுவழி' என்றால், சான்று வழிகாட்ட, முடிவைத் தாதியும் நோயாளியும் எடுக்கின்றனர் என்ற பொருள் இயல்பாகவே கிடைக்கிறது. சான்றுவழி முடிவு, சான்றுவழிப் பராமரிப்பு என்று கிளைச்சொற்களும் தடையின்றி அமைகின்றன. 'சான்றுவழி வழிகாட்டி' மட்டும் நாவில் இடறுகிறது. அங்கே 'சான்றுவழி நெறிமுறை' என்று எழுதலாம்.

கடைசியாக ஒன்று: நோயாளிகளைக் குழுக்களாகப் பிரித்து ஒப்பிடும் ஆய்வுமுறையைக் (randomised trial) குறிக்க நம் பட்டியலில் உள்ள 'சீரற்ற சோதனை' ஒழுங்கில்லாத சோதனை என்றே படிக்கப்படும். ஒவ்வொரு நோயாளிக்கும் எந்தக் குழு வாய்க்கும் என்பதை யாரும் முன்கூட்டித் தீர்மானிக்காமல் பிரிப்பதே அங்குக் கருத்து என்பதால், அதைச் 'சமவாய்ப்புச் சோதனை' என மாற்றுமாறும் கேட்டுக்கொள்கிறேன்.