புதுப்பிப்பு: முரசு (ஈறு) ஒட்டு, இறுதியில் அண்ணத்திலிருந்தே

கீழ் முன்பல்லின் வேர் வெளித்தெரியுமளவுக்கு முரசு இறங்கிவிட்டதால், அண்ணத்தை வெட்டாமல், ஆய்வுகூடத்தில் வளர்த்த இழையத்தை வைக்க முடியுமா என்று இரண்டு மாதங்களுக்கு முன் கேட்டிருந்தேன். மட்டக்களப்பில் என்னைப் பார்த்த பல் வைத்தியர் பொறுமையாக விளக்கினார். மாட்டுக் கொலாஜனில் மனிதக் கலங்களை வளர்த்துத் தயாரித்த ஜின்ட்யூட் என்ற தகட்டை அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2012இல் அனுமதித்தது உண்மைதான். ஆனால் அது பல்லைச் சுற்றியுள்ள உறுதியான முரசை அகலமாக்குவதற்கே உரியது, வேரை மூடுவதற்கு அன்று. நான் இந்த வேறுபாட்டைக் கவனிக்காமலேயே கனவு கண்டிருக்கிறேன். கலங்களற்ற பன்றிக் கொலாஜன் விரிப்பும் உண்டு. முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் காத்தான்குடியிலிருந்து வருபவர்களிடம் அதன் மூலத்தை முதலிலேயே சொல்லிவிடுவதாக அவர் கூறினார். வேரை மூடுவதில் அண்ணத்தின் மேற்பரப்புக்கு அடியிலிருந்து எடுக்கும் சொந்த இணைப்பிழையத்தையே அவர் அதிகம் நம்புகிறார்.

எனவே மூன்று வாரங்களுக்கு முன் அண்ணத்திலிருந்தே மெல்லிய துண்டொன்றை எடுத்துத் தைத்தார்கள். ஒட்டு பிடித்துவிட்டது, வெள்ளையாக இருந்த ஓரம் இப்போது இளஞ்சிவப்பாகியுள்ளது. முரசைவிட அண்ணத்துப் புண்தான் அதிகம் வதைத்தது. முதல் நான்கு நாட்களும் கல்லடியில் வாங்கிய குளிர்ந்த எருமைத் தயிர் மட்டுமே தொண்டைக்குள் இறங்கியது.