கடையில் கணக்குப் புலி, பரீட்சையில் 19 மார்க்: இது எந்த வகை மூளை?

சந்தைக்கடை
எட்டாவது படிக்கும் என் பையன் காலாண்டுத் தேர்வில் கணக்குக்கு வாங்கியது 19. ஆனால் சாயங்காலம் நம்ம காய்கறிக் கடை கல்லாவில் அவன்தான் உட்காருவான். முக்கால் கிலோ கத்தரிக்காய், கால் கிலோ பீன்ஸ், ரெண்டு தேங்காய் என்று எடுத்துக்கொண்டு 500 ரூபாயை நீட்டினால், நான் கால்குலேட்டரைத் தேடுவதற்குள் மீதியை எண்ணி வைத்துவிடுவான். டியூஷன் சார் ‘மண்டையில் ஒன்றுமே இல்லை’ என்கிறார். மச்சானோ ‘அறிவில் எட்டு வகை இருக்கு மாமா, இவன் வேற வகை’ என்கிறான். இதெல்லாம் பிறவியிலேயே வருவதா, பழக்கமா?

இலவம்பஞ்சு
மச்சான் சொல்வது அமெரிக்க உளவியலாளர் ஹோவர்ட் கார்ட்னர் 1983-ல் சொன்னது. மொழி, தர்க்கம், இசை, உடல் என்று முதலில் ஏழு, எட்டாவது பின்னால் சேர்ந்தது. வாத்தியார்களுக்கு ரொம்பப் பிடித்துப்போனது, அளந்து பார்க்கிற உளவியல்காரர்கள் பலர் ஏற்கவில்லை. ஒரு வகைத் தேர்வில் நன்றாகச் செய்கிறவர் மற்றதிலும் பெரும்பாலும் சுமாராகவாவது செய்துவிடுகிறார், இதை 1904-லேயே ஸ்பியர்மேன் என்ற ஆங்கிலேய உளவியலாளர் காட்டிவிட்டார். அதை விடுங்கள், உங்கள் பையன் தடுமாறுவதும் கணக்கில், வெளுத்து வாங்குவதும் கணக்கில். இதில் வேறு வகை எங்கே வந்தது?

முருங்கைமரம்
அண்ணே, இதே கதை பிரேசிலில் ரெசிஃபே நகரத் தெருக்களில் நடந்திருக்கிறது. தெருவில் வியாபாரம் செய்த ஐந்து பிள்ளைகளை வைத்து ஆராய்ந்து 1985-ல் வெளியிட்டார்கள். வாங்குகிற ஆள் போலப் போய்க் கேட்டால் 98 சதவீதம் சரியான விடை. அதே மாதிரிக் கணக்கைத் தாளில் வெறும் எண்ணாகக் கொடுத்தால் 37தான். 12 வயதுப் பையன் ஒருவன், தேங்காய் ஒன்று 35, நாலு எவ்வளவு என்றதும் ‘மூன்று 105, கூட 30 போட்டால் 135’ என்று ஏறி 140-க்கு வந்துவிட்டான். தாளில் 35 × 4 போடச் சொன்னால் நாலஞ்சு இருபது, மீதி 2, அந்த 2-ஐ முதலில் 3-உடன் கூட்டி 5, பிறகு நாலஞ்சு இருபது, விடை 200! தேங்காய் கையில் இருக்கும்போது 35 என்பது காசு. தாளில் அது 3-ம் 5-ம், அவ்வளவுதான்.

கோரைப்பாய்
பிறவிப் பங்கே இல்லை என்று ஒரேயடியாகச் சொல்லிவிடாதீர்கள், ஒரே கரு இரட்டையரையும் மற்ற இரட்டையரையும் ஒப்பிடும் ஆய்வுகளில் பிறவிப் பங்கு தெளிவாகத் தெரிகிறது. ஆனால் 20-ம் நூற்றாண்டில் பல நாடுகளில் ஐ.க்யூ. (அறிவுத்திறன் தேர்வு) மதிப்பெண் பத்து வருஷத்துக்குச் சுமார் 3 புள்ளி ஏறியது. மரபணு அவ்வளவு வேகமாக மாறாது, மாறியது பள்ளிக்கூடமும் சாப்பாடும் பிழைப்பும்தான்.

சந்தைக்கடை
ராத்திரி அவன் பரீட்சைத் தாளை எடுத்துப் பார்த்தேன். 48 × 0.75-க்கு 360 என்று எழுதியிருக்கிறான். ‘கிலோ 48 ரூபாய்க்கு முக்கால் கிலோ தக்காளி எவ்வளவுடா?’ என்றேன். பாதி 24, கால் 12, ‘36’ என்றான். தாளைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ‘இதில் தக்காளின்னு போடவே இல்லையேப்பா’ என்கிறான்.