'கம் ஆன் ஓவர்': மூலப் பதிப்பை அடையாளம் காண உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். டொராண்டோவில் பள்ளியில் படித்த நாள்களில் ஒலிநாடா தேயுமளவுக்கு நான் கேட்ட கனடியப் பாடகி ஷனாயா ட்வெயினின் 'கம் ஆன் ஓவர்' பாடல் தொகுப்பை, அண்மையில் லண்டனில் ஒரு பழைய கடையில் குறுந்தகடாக வாங்கிக் கேட்டபோது, நினைவில் ஒலித்துக்கொண்டிருந்த ஃபிடிலும் ஸ்டீல் கிதாரும் பல பாடல்களில் அடங்கிப்போயிருந்தன. (முதலில் என் காதுகளைத்தான் சந்தேகித்தேன்.) 1997 நவம்பரில் வட அமெரிக்காவில் வெளியான அத்தொகுப்பு, 1998இல் பிற நாடுகளுக்காகப் பாப் சாயலில் மறுகலவை செய்யப்பட்டது என்பது பிறகே தெரியவந்தது. பாடல் வரிசையும் வேறு: மூலத்தில் 'மேன்! ஐ ஃபீல் லைக் எ உமன்!' முதலில் வரும். இதில் 'யூ ஆர் ஸ்டில் த ஒன்' வருகிறது. பாடல்வரிகளின் குறும்பு இந்த வயதில்தான் புரிகிறது. அதனாலேயே அந்தப் பழைய ஒலியோடு கேட்க விரும்புகிறேன். பின்னட்டையின் பாடல் வரிசையை மட்டும் நம்பி மூலக் கலவையை வாங்கலாமா, அல்லது வேறு அடையாளம் உண்டா என்பதை அறிந்தவர்கள் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.