பிரஷர் குளிசை போடுகிறவர்களுக்கு வரும் கால் வீக்கம், வறட்டு இருமல், தலைசுற்று: கவுண்டரிலும் கிளினிக்கிலும் கண்டவை

மருந்தாளர், வெள்ளவத்தை

அம்லோடிபின் என்ற பிரஷர் குளிசையில் தொடங்குகிறேன். கவுண்டரில் கேட்கிற முறைப்பாடுகளில் அதுதான் கூட. பின்னேரமானால் செருப்பு வார் இறுக்குது, விடிய எழும்பினால் சரியாகிடுது என்பார்கள். கணுக்காலுக்குச் சற்று மேலே, எலும்பின் மீது பெருவிரலால் பத்து விநாடி அழுத்திவிட்டு எடுங்கள். குழி விழுந்து மெல்ல மெல்ல நிரம்பும். இரண்டு காலிலும் ஒரே மாதிரி இருந்தால் குளிசையைச் சந்தேகிக்கலாம். ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைக்கால் நொந்தால் இரத்தம் கட்டியிருக்கலாம், அன்றைக்கே காட்ட வேண்டும். நிமிர்ந்து படுக்க முடியாமல் மூச்சு வாங்கினாலும் அப்படித்தான், அது இதயத்தைப் பார்க்க வேண்டிய வீக்கம்.

அம்லோடிபின் இரத்தத்தைக் கொண்டுவரும் சிறிய நாடிகளை நன்றாக விரிக்கும், திருப்பிக் கொண்டுபோகும் நாளங்களை அந்தளவுக்கு விரிக்காது. உள்ளே வரும் வழி அகன்று, வெளியேறும் வழி பழையபடியே இருப்பதால் நுண்குழாய்களில் அமுக்கம் ஏறி நீர் கசிகிறது. உடம்பில் நீர் கூடி வந்த வீக்கமல்ல இது. அதனால் நீர்க் குளிசையான புரூசமைட் போட்டாலும் அவ்வளவாக வற்றாது. பொட்டாசியம் இறங்கும், இரவில் நாலு தரம் எழும்பிச் சலம் போக வேண்டிவரும், கால் வீங்கினபடியே இருக்கும். வீக்கத்துக்கென்றே புரூசமைட் எழுதின துண்டுகள் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கின்றன, பார்க்க மனது பொறுக்கவில்லை. வைத்தியர் 10 மில்லிகிராமை 5 ஆக்கினால் பலருக்கு அடங்கும். வேறு பிரஷர் குளிசைகளான லோசார்டனோ எனலாபிரிலோ கூடச் சேர்ந்தாலும் குறையும், அவை நாளங்களையும் விரிப்பவை. அம்லோடிபின் உடம்பை விட்டுப் போக ஒரு கிழமை, பத்து நாள் எடுக்கும். ஆகவே மாற்றின மறுநாளே கால் வற்றவில்லை என்று யோசிக்க வேண்டாம். முரசு தடித்து வளர்வதும் இதே குளிசையால் வரலாம், பல் வைத்தியரிடம் போகும்போது மருந்தின் பெயரைச் சொல்லுங்கள்.

இன்னொரு விஷயம். கிளினிக்கில் மருந்து இல்லாத மாதம் வெளியே வாங்குவார்கள், குளிசை அட்டையில் (காட்) கம்பனிப் பெயர் இருக்கும். அடுத்த மாதம் அதே மருந்து கடதாசி உறையில் வரும். வீட்டில் இரண்டும் இரண்டு மருந்தாகி, 5 போட வேண்டியவர் 10 போடுகிறார். தலைசுற்று என்று வருகிறவரிடம் வீட்டிலுள்ள உறை, காட் எல்லாவற்றையும் ஒரு பையில் அள்ளிக்கொண்டு வரச் சொல்வது இதற்காகத்தான்.

ஓய்வுபெற்ற தாதி, கொட்டாஞ்சேனை

எனலாபிரில், கப்டோபிரில், லிசினோபிரில் மூன்றும் ஒரே குடும்பம். பிரடிகைனின் என்ற பொருளை உடம்பு உடைத்து அகற்றுவதை இவை தடுக்கும். அது சுவாசக் குழாயில் சேர்ந்து கிளறுவதால்தான் வறட்டு இருமல் வருகிறது என்பார்கள். சளி வராது, தொண்டையில் மயிர் சிக்கினது போல இருக்கும். பெண்களுக்குத்தான் அதிகம் வரும். தொடங்கி மாதக்கணக்கான பிறகும் வரலாம், அதனால் ஒருவரும் குளிசையோடு சேர்த்து யோசிப்பதில்லை. பாணி மருந்து, அன்டிபயோட்டிக், பிறகு வீட்டில் அதிமதுரக் கசாயம் என்று போகும். அதிமதுரத்தை நாள் கணக்கில் குடித்தால் உப்பையும் நீரையும் உடம்பில் பிடித்து வைத்துப் பிரஷரை ஏற்றும். பிரஷர் ஏறினதென்று எனலாபிரிலின் அளவைக் கூட்டுவார்கள். இருமல் அப்படியே இருக்கும்.

அளவைக் குறைத்தும் பலனில்லை, மருந்தை மாற்றத்தான் வேண்டும். லோசார்டனுக்கு மாறினவர்களுக்குப் பெரும்பாலும் ஒன்றிலிருந்து நாலு கிழமைக்குள் நின்றுவிடும், சிலருக்கு மூன்று மாதம் வரை இழுக்கும். ஆனால் காய்ச்சல், மெலிவு, சளியில் இரத்தம் இருந்தால் குளிசை மீது பழியைப் போட்டுவிட்டு இருக்காதீர்கள், காசநோய்க்குச் சளி பரிசோதிக்க வேண்டும்.

எனலாபிரில் குடும்பத்துக் குளிசை போடுகிறவருக்கு உதடு, நாக்கு வீங்கினால் 1990 அம்புலன்ஸுக்கு உடனே அழையுங்கள். வருடக்கணக்காக ஒன்றும் செய்யாத குளிசையும் ஒருநாள் இதைச் செய்யலாம். அதன்பின் அந்தக் குடும்பத்து மருந்து ஒன்றுமே போடக் கூடாது. கிளினிக் கொப்பியின் முன் மட்டையில் சிவப்புப் பேனையால் எழுதி வையுங்கள்.

மருந்தாளர், தெமட்டகொடை

தலைசுற்றுக்குப் பிரஷர் அளவெடுக்கும் முறை பலருக்குத் தெரியாது. ஐந்து நிமிடம் படுக்க வைத்து ஒரு தரம், எழும்பி நின்று ஒரு நிமிடத்திலும் மூன்றாம் நிமிடத்திலும் ஒவ்வொரு தரம். மேல் அளவு 20, அல்லது கீழ் அளவு 10 இறங்கினால் கொப்பியில் எழுதிக் காட்டுங்கள். பிரசோசின் என்ற பிரஷர் குளிசை தொடங்குகிறவர்கள் முதல் குளிசையை, வழமையாக 0.5 மில்லிகிராம், கட்டிலில் ஏறின பிறகே போட வேண்டும். போட்டுவிட்டு அடுப்படிக்குப் போனால் விழுவார்கள். சில நாட்கள் விட்டுப்போனால் பழைய அளவிலேயே திரும்பத் தொடங்கவும் கூடாது, முதலிலிருந்து சிறிய அளவுதான்.

சத்தி, வயிற்றோட்டம் கடுமையான நாளில் லோசார்டன், எனலாபிரில், நீர்க் குளிசை ஆகியவற்றை வழமைபோல் போட்டுக்கொண்டு, உடம்பு நோவுக்கு டைக்குளோபினக்கும் போட்டால் சிறுநீரகம் ஒரேயடியாக அடிபடும். அந்த நாட்களுக்கு எதை நிறுத்தி வைப்பது என்பதைக் கிளினிக்கில் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். நோவுக்குப் பரசிற்றமோல் போதும்.

ஆய்வுகூடத் தொழினுட்பவியலாளர், பொரளை

லோசார்டன், எனலாபிரில் தொடங்கி ஒன்றிரண்டு கிழமையில், சிறுநீரகம் வேலை செய்வதைக் காட்டும் கிரியற்றினினும் பொட்டாசியமும் இரத்தத்தில் பார்க்க வேண்டும். கிரியற்றினின் 30 சதவீதம் வரை ஏறுவதை வைத்தியர்கள் பொதுவாக ஏற்பார்கள், அதைக் கண்டு தாமாக மருந்தை விட வேண்டாம். சிறுநீரகம் பலவீனமானவர்கள் வெயிலுக்கென்று தினம் இரண்டு செவ்விளநீர் குடித்தாலோ, சோடியம் குறைந்த உப்புக்கு மாறினாலோ பொட்டாசியம் ஆபத்தாக ஏறலாம். அந்த உப்பில் இருப்பது பொட்டாசியம் குளோரைட்டு. இரத்தம் எடுக்கும்போது கையைப் பொத்திப் பொத்தித் திறக்காதீர்கள், அதனாலேயே பொட்டாசியம் பொய்யாகக் கூடிக் காட்டும்.

மருந்தாளர், வெள்ளவத்தை

அட்டெனொலோல் என்ற பிரஷர் குளிசை விடுபட்டுப்போனது. கை கால் குளிரும், களைக்கும், நாடி 50க்குக் கீழே போகலாம், ஆஸ்மாக்காரருக்கு இழுப்பு வரும். சீனி இறங்கும்போது வருகிற படபடப்பையும் மறைத்துவிடும், வியர்வை மட்டும் கொட்டும். சீனி வருத்தத்துக்கு ஊசி போடுகிறவர்கள் அந்த வியர்வையைக் கண்டால் உடனே சீனி பார்க்க வேண்டும். சட்டென்று நிறுத்தினால் நாடி பாய்ந்து நெஞ்சு நோவு வரலாம், குறைப்பதென்றால் ஒன்றிரண்டு கிழமையாகப் படிப்படியாக. நீண்ட விடுமுறைக்கு முன்பு அட்டையில் எத்தனை குளிசை மிச்சமென்று எண்ணிப் பாருங்கள்.