120 வெள்ளிக்கு வாங்கிய கிங் சன்டியூ செடி கருகுகிறது, என்ன செய்வது?

செம்பனைக்காரன்:
மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். பூச்சி பிடிக்கும் செடி, தென்னாப்பிரிக்காவின் ஈரச் சதுப்பில் மட்டும் வளர்வது, டிரோசெரா ரேஜியா, கிங் சன்டியூ என்று இணையத்தில் ஒருவர் விற்றார், 120 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்து வாங்கினேன். (வீட்டில் 20 வெள்ளி என்றுதான் சொல்லியிருக்கிறேன்.) வந்தபோது இலை முழுக்கச் சிவப்பு மயிர், ஒவ்வொரு மயிர் நுனியிலும் பசைத்துளி. ஒரு கொசு ஒட்டியதும் இலை மெதுவாக மடங்க, சின்ன மகள் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடி வந்துவிட்டார்கள். மூன்று வாரத்தில் துளி எல்லாம் போய்விட்டது, வெளி இலைகள் கருகுகின்றன. நல்ல பூச்சட்டி மண்ணுக்கு மாற்றினேன், குழாய்த் தண்ணீர் ஊற்றுகிறேன், போன வாரம் செம்பனைக்கு (எண்ணெய்ப் பனை) போடும் உரத்தில் ஒரு சிட்டிகை போட்டேன். எங்கே தப்பு?

மலைக்காற்று (தானா ராத்தா, கேமரன் மலை):
அண்ணே, உரமா போட்டீர்கள்! மண்ணில் சத்தில்லாத இடத்தில் பிழைக்கத்தான் அது பூச்சியே பிடிக்கிறது, அந்த வேருக்கு உரம் விஷம் மாதிரி. இன்றைக்கே பிடுங்கி வேரை மழைத்தண்ணீரில் அலசுங்கள், உரம் கலக்காத பீட் மோஸும் (மக்கிய சதுப்புப் பாசி) பெர்லைட்டும் (வெள்ளை எரிமலைக் கல் துகள்) பாதிப் பாதி கலந்து நடுங்கள், சட்டிக்கு அடியில் தட்டு வைத்து ஓர் அங்குலம் தண்ணீர் எப்போதும் நிற்கட்டும். இனிமேல் மழைத்தண்ணீர் மட்டும்தான். இறைச்சித் துண்டு வைத்துப் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், இலை அழுகிவிடும்.

இன்னொன்று, உண்மையான ரேஜியா என்றால் அங்கே கீழே பிழைப்பது கஷ்டம். தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதியில் பெய்ன்ஸ் குளூஃப் என்கிற ஒரே மலைப் பள்ளத்தாக்கில்தான் அது இயற்கையாக இருக்கிறது. 1926-ல் எடித் ஸ்டீஃபன்ஸ் என்ற தாவரவியலாளர் பெயர் வைத்தார். இலை 70 சென்டிமீட்டர் வரை நீளும், அடியில் மரம் போன்ற கிழங்குத்தண்டு. குளிர்காலத்தில்தான் அங்கே மழையே, வேர் குளிர்ச்சியாகவே இருந்து பழகியது. நான் இருப்பது 1,400 மீட்டருக்கு மேல், இங்கேயே மதிய வெயிலில் சட்டி சூடேறினால் அது முகத்தைத் தொங்கப்போட்டுவிடும். உங்கள் ஊரில் ராத்திரியும் பெரிதாகக் குளிராதே. ஐஸ் பெட்டிக்குள் வைத்து ராத்திரி உறைந்த தண்ணீர் போத்தல் மாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். எத்தனை நாள் முடியும்?

வாளித்தண்ணீர் (ஈப்போ):
முதலில் அது ரேஜியாதானா என்று பாருங்கள். ரேஜியா இலைக்குத் தனியாகக் காம்பு கிடையாது, அடியிலிருந்தே தொடங்கி நுனி கூராகப் போகும். உங்களுடையதில் மயிரில்லாத பச்சைக் காம்பு தெரிந்து, அதற்கு மேல் வார் மாதிரி ஒரு பட்டை, நுனி மழுங்கி இருந்தால் அது டிரோசெரா கேப்பென்சிஸ். அதுவும் தென்னாப்பிரிக்காதான், ஆனால் அரிதில்லை. தானாகவே விதை போட்டுப் பக்கத்துச் சட்டியெல்லாம் முளைத்துக் கிடக்கும். நம் வெயிலையும் ஓரளவு தாங்கும்.

சித்தி:
நம் மூலிகை வைத்தியர்கள் அழுகண்ணி என்று சொல்வது இந்தக் குடும்பத்துச் செடிதான், இலையெல்லாம் கண்ணீர் மாதிரி நிற்பதால் அந்தப் பெயர். டிரோசெரா பர்மானி நம் நாட்டிலேயே இருக்கிறது, சூட்டுக்குப் பயப்படாது. ஆப்பிரிக்காவரை போகாமல் அதை வளர்த்திருக்கலாமே தம்பி.

செம்பனைக்காரன்:
காம்பு இருக்கிறது, நுனியும் மழுங்கல். கேப்பென்சிஸ்தான்! விற்றவருக்கு மூன்று தடவை எழுதினேன், பதிலில்லை. பக்கத்து ஊர்ச் செடிக்கடையில் விசாரித்தால் இதையே 20 வெள்ளிக்குத் தருகிறார்கள், ஆக வீட்டில் சொன்ன விலை கடைசியில் உண்மையாகிவிட்டது. பீட் மோஸ் வாங்கி மாற்றிவிட்டேன், நடுவில் ஒரு புது இலை சுருண்டுகொண்டு வருகிறது. எங்கள் வீட்டுச் சிங்க் தகட்டுக் கூரையிலிருந்து விழும் மழைத்தண்ணீரைப் பிடிக்கலாமா?

வாளித்தண்ணீர்:
பிடிக்கலாம். முதல் பத்து நிமிடத் தண்ணீரை விட்டுவிட்டு அப்புறம் வாளியை வையுங்கள், கூரைத் தூசியெல்லாம் அதில் போய்விடும். எனக்குச் சிங்க் கூரைத் தண்ணீர்தான், செடி நன்றாகவே இருக்கிறது. அப்புறம் வாளியை மூடி வையுங்கள், செடிக்குக் கொசு வேண்டும்தான், அதற்காக வளர்க்க வேண்டாம்.