சோக்கா, குறுக்கமா, ஒடுக்கமா?

மா.இ.: டிராப், அதாவது பறக்கும் தட்டைச் சுடும் போட்டிக்குப் பழகுவோருக்கான கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. 'எந்தத் துப்பாக்கி வாங்கலாம்' என்ற பகுதி 'சோக்' (choke) என்பதற்குத் தமிழ்ச்சொல் கிடைக்காமல் நின்றுவிட்டது. 'பன்னிரண்டு போர்' (12-bore) எனும் அளவுத் துப்பாக்கிக் குழலின் உள்விட்டம் ஏறத்தாழ 18.5 மி.மீ. வாய்ப்பக்கம் அது சிறுத்தால் ஈயக்குண்டுகள் அதிகம் சிதறாமல் சேர்ந்து போகும்; அந்தச் சிறுத்தல்தான் சோக். முழு அளவு என்றால் சுமார் 1 மி.மீ. சிறுத்திருக்கும், 40 கஜத்தில் 30 அங்குல வட்டத்துக்குள் 70 விழுக்காடு குண்டுகள் விழும் என்பது கணக்கு. 'சோக்' என்றே விட்டால் டியூப்லைட்தான் நினைவுக்கு வரும்.

ந. (யாழ்ப்பாணம்): எங்கட பக்கம் சோக் எண்டால் கரும்பலகையில எழுதுறது. அப்பிடியே துப்பாக்கியையும் 'துவக்கு' எண்டு மாத்துங்கோ.

புலவர் கோ.: துப்பாக்கி துருக்கிச் சொல் என்பார் உளர், ஒப்பேன். துப்புவதால் துப்பாக்கி. துப்பு என்றால் வலிமையும் ஆம், பவளமும் ஆம். நிற்க. ஐகாரக்குறுக்கம், மகரக்குறுக்கம் நம்மிடம் இருக்க, 'வாய்க்குறுக்கம்' என்றால் என்ன குறை?

செ.வே.: ஐயா, 'துப்பார்க்குத் துப்பாய' என்ற குறள் 12-க்குள் நுழையுமுன் நிறுத்திக்கொள்வோம். குறுக்கத்தில் குறைவது மாத்திரை, அதாவது நீளம். டிராப்புக்கு 30 அல்லது 32 அங்குலக் குழல் வேண்டும் என்று ஒரு பத்தியில் சொல்லிவிட்டு, அடுத்த பத்தியில் 'குறுக்கம்' என்றால் குழலை அறுத்துக் குட்டையாக்கச் சொல்வதாகப் படும்.

ந.: அப்ப 'இறுக்கம்'?

ரா. (பயிற்சியாளர்): அது மட்டும் வேண்டாம். கழற்றி மாட்டும் சோக் மரையில் திருகி உட்காருவது. 'முக்கால் இறுக்கம்' என்று அச்சடித்தால் முக்கால்வாசி மட்டும் திருகிவிட்டுப் போவார்கள். தளர்ந்திருந்தால் வெடிவாயு இடுக்கில் புகுந்து சோக்கும் கெடும், குழல்வாயும் உப்பும். ஒவ்வொரு 25 தட்டுச் சுற்று முடிந்ததும் துப்பாக்கியை மடித்துத் திறந்து, இரண்டு குழலிலும் தோட்டா இல்லை என்று கண்ணால் பார்த்தபின் சோக்குக்கான சாவி போட்டு இறுக்கத்தைச் சரிபார்க்க வேண்டும்.

மா.இ.: 'ஒடுக்கு'?

ரா.: குடத்தில் விழுவதுதானே ஒடுக்கு! பழைய துப்பாக்கி வாங்கும்போது குழலில் ஒடுக்கு விழுந்திருக்கிறதா என்று வெளிச்சத்துக்கு நேரே பிடித்து உள்ளே பார்க்கச் சொல்லியிருக்கிறோம். இரண்டும் மோதும்.

செ.வே.: 'ஒடுக்கம்' என்றால் மோதாது. கால், அரை, முக்கால், முழு என நம் பின்னங்களும் ஒட்டிக்கொள்ளும்: காலொடுக்கம் 0.25 மி.மீ., அரையொடுக்கம் 0.5, முக்காலொடுக்கம் 0.75. சிறுத்தலே இல்லாததை 'நேர்குழல்' எனலாம்.

புலவர் கோ.: சைவ சித்தாந்தத்தில் ஒடுக்கம் என்பது உலகம் இறைவனிடம் ஒடுங்குவது. சித்தர் சமாதியும் ஒடுக்கமே. ஈயக்குண்டுக்கா அச்சொல்?

செ.வே.: தட்டுக்கும் அங்கே சமாதிதான் ஐயா.

ரா.: கணக்கு சரி. ஒலிம்பிக் டிராப்பில் தட்டு 15 மீட்டர் முன்னே உள்ள பள்ளத்திலிருந்து கிளம்பி விலகி ஓடும். முதல் வெடிக்கு முக்கால்; அது தவறினால், அதற்குள் தட்டு இன்னும் தள்ளிப் போய்விடுவதால் இரண்டாவதற்கு முழு. புதியவருக்கு முதல் குழலில் அரையே போதும். ஆனால் களத்தில் நான் 'சோக்' என்றுதான் கூப்பிடுவேன். புதுக்கோட்டைக்காரர் பிருத்விராஜ் தொண்டைமான் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் டிராப் சுட்டார். அந்த அளவுக்குப் போக நினைக்கிற பிள்ளைக்குத் துப்பாக்கிப் பெட்டிமேல் இருக்கிற சொல்லும் தெரிய வேண்டும்.

மா.இ.: அப்படியானால் முதல் இடத்தில் 'ஒடுக்கம் எனும் சோக்', பிறகு ஒடுக்கம். மூவர் சம்மதம், புலவர் எதிர்ப்பு என்று குறித்துக்கொள்கிறேன். அடுத்த சொல், துப்பாக்கியின் பின்கட்டையில் கன்னம் பதியும் மேல்விளிம்புக்கு. அது தாழ்ந்திருந்தால் கண்ணும் தாழும், வெடி தட்டுக்குக் கீழே போகும். டிராப் தட்டு மேலேறிக்கொண்டே போவதால் இங்கே உயரமாக வைப்பார்கள். ஆங்கிலத்தில் comb, அதாவது சீப்பு என்கிறார்கள்.

ந.: சீப்பெண்டால் வாழைப்பழம். 'கன்னமணை' எண்டு போடுங்கோ.

புலவர் கோ.: மணை இருக்கைக்கு உரியது. விரிவாக நாளை எழுதுகிறேன்.

மா.இ.: நாளைதான் ஐயா வெள்ளிக்கிழமை.